பழைய காருக்கு என்ன ஆயில் ஊற்றினீர்கள்? பில்லில் எழுதுங்கள்

“வண்டி பழசாயிருச்சுங்ணா, இனிமே கெட்டி ஆயிலாப் பார்த்து ஊத்தீருங்க.” எனக்கும் என் பட்டறைப் பையன்களுக்கும் பல வருஷமாகச் சோறு போட்டுவரும் வாக்கியம் இது. சமீபத்தில் இதற்குப் போட்டியாக இன்னொன்று கிளம்பியிருக்கிறது: “காசு போனாப் போகுதுங்க, ஃபுல் சிந்தெடிக்காவே ஊத்தீருங்க.” முதலாவதைச் சொல்பவர் சிக்கனக்காரர், இரண்டாமவர் தாராளக்காரர். இருவருக்கும் வண்டி மேல் பாசம் உண்டு. ஆனால் இருவருமே டப்பாவைத் திருப்பி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

கோவையில் போரிங் பட்டறை வைத்திருக்கிறேன். சிலிண்டருக்குப் போர் போடுவது, கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங், வால்வு சீட்டிங் எல்லாம் செய்கிறோம். ஆயில் மாற்றுவது எங்கள் வேலையில் சேராது. மெக்கானிக் கையை விரித்த பிறகு, கழற்றிப்போட்ட என்ஜின் டெம்போவில் ஏறி எங்களிடம் வரும். எந்த ஆயில் ஊற்றினோம், எப்போது மாற்றினோம் என்று வண்டிக்காரர் ஒரு கதை சொல்வார். கிராங்கும் கேமும் வேறு கதை சொல்லும். இரண்டில் எதை நம்புவது என்பதில் எனக்குக் குழப்பமே வந்ததில்லை.

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்பாசிடரின் கேம் ஷாஃப்ட் வந்தது. 1489 சிசி பெட்ரோல் என்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ் வடிவமைப்பு. இசுசு என்ஜின் வரும்வரை நம் அரசாங்கத்தையே இழுத்துக்கொண்டு திரிந்த என்ஜின் இதுதான். கேமில் எட்டு லோப். அதில் இரண்டின் மூக்கு மழுங்கியிருந்தது. மைக்ரோமீட்டரை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டினாலே தேய்ந்த இடமும் தேயாத இடமும் சேரும் விளிம்பு தட்டுப்பட்டது. அந்த லோப்களின் மேல் உட்காரும் டேப்பெட்டுகளின் அடிப்பாகம் பொத்துப் பொத்தாகக் குழி விழுந்திருந்தது.

வண்டிக்காரர் ஓய்வுபெற்ற பேராசிரியர். பில்களையெல்லாம் ஃபைல் போட்டு வைத்திருந்தார். கார் அதிகம் ஓடுவதில்லை. சில வருஷமாக, கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் ஆயிலைத்தான் ஊற்றியிருக்கிறார். “பெஸ்ட் ஆயில்தானே போட்டேன், அப்புறம் ஏன் இப்படி?” என்றார். நியாயமான கேள்வி.

தேய்ந்ததற்கு ஆயில் மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மார்க்கெட்டில் இப்போது கிடைக்கும் அம்பாசிடர் டேப்பெட்டுகளின் இரும்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஆயில் அந்த என்ஜினுக்கானது அல்ல. அந்தக் காலத்து அமைப்பில் கேம் லோப்பும் தட்டை டேப்பெட்டும் நேருக்கு நேர் உரசித்தான் வேலை செய்யும். இடையில் உருளை கிடையாது. வால்வு ஸ்பிரிங்கின் பலம் முழுவதும் நூல் அகலத்தில் வந்து இறங்கும். அந்த இடத்தில் ஆயில் படலம் மட்டும் நின்று தாங்காது. ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள்தான் தாங்கும். இசட்.டி.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சூடும் அழுத்தமும் கூடும் இடத்தில் அது இரும்பின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, இரும்புக்குப் பதிலாகத் தான் தேய்ந்துகொடுக்கும்.

பிறகு கேடலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. இந்தியாவில் 1995 ஏப்ரலில், சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். எரிந்த ஆயிலோடு புகையில் போகும் பாஸ்பரஸ் கன்வெர்ட்டரின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். எனவே உலக அளவில் ஆயில் தரம் வகுப்பவர்கள் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். புதிய என்ஜின்கள் அதற்கேற்பவே வடிவமைக்கப்படுகின்றன. அவற்றுக்கு அது போதும். பேராசிரியரின் அம்பாசிடரில் காப்பாற்ற வேண்டிய கன்வெர்ட்டரே கிடையாது. கன்வெர்ட்டருக்காகக் குறைத்த மருந்தை, கன்வெர்ட்டர் இல்லாத வண்டிக்கு இரண்டு மூன்று மடங்கு காசு கொடுத்து ஊற்றியிருக்கிறார்.

மேலே சொன்ன வரம்பு 40, 50 கிரேடுகளுக்குப் பொருந்தாது. ஆகவே அம்பாசிடர், ப்ரீமியர் பத்மினி, சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்த ஹெரால்டு என்று தட்டை டேப்பெட் வண்டி வைத்திருப்பவர்கள் 20டபிள்யூ-50 மினரல் ஆயிலோ, பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் தரம் குறிக்கப்பட்ட 15டபிள்யூ-40 ஆயிலோ வாங்கினால் போதும். லாரிக்கு ஊற்றும் டப்பாவாயிற்றே என்று கூச்சப்பட வேண்டாம். சிஐ-4 என்ற டீசல் தரத்தோடு எஸ்எல் என்ற பெட்ரோல் தரமும் அதே டப்பாவில் அச்சாகியிருந்தால் அது உங்கள் வண்டிக்கும்தான்.

இந்த எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எண்ணைப் பார்த்தவுடன் பாதிப் பேர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள் என்று தெரியும். இருங்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

20டபிள்யூ-40 என்றால் முதல் எண் குளிருக்கு, இரண்டாவது சூட்டுக்கு. 20டபிள்யூ ஆயில் குளிரில் என்ஜினைச் சுற்றவிடுமா என்பதை மைனஸ் 15 டிகிரியில் வைத்துச் சோதிக்கிறார்கள். 15டபிள்யூவுக்கு மைனஸ் 20, 5டபிள்யூவுக்கு மைனஸ் 30. ஊட்டியில் ஜனவரி மாதம் புல்வெளியில் உறைபனி படர்ந்து, பேப்பரில் போட்டோ வரும் நாளில்கூட அங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். கோவையிலோ திருச்சியிலோ மதுரையிலோ அந்த முதல் எண்ணுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சின்ன எண் என்றால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் கொஞ்சம் சுருக்காக மேலே ஏறும், அது உண்மைதான். ஆனால் அந்த லாபத்துக்காக இரண்டாவது எண்ணை விட்டுக்கொடுக்கக் கூடாது.

நம் ஊருக்கு இரண்டாவது எண்தான் முக்கியம். 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அது சொல்லும். 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. பேரிங் இடுக்கில் ஆயில் நசுங்கும் நிலையை 150 டிகிரியில் உண்டாக்கி அளக்கும் சோதனை ஒன்றும் இருக்கிறது. அதில் 30 கிரேடு குறைந்தது 2.9 வாங்க வேண்டும், 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 இரண்டும் 3.7. மே மாதத்தில் ஐந்து பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, 796 சிசி மாருதி 800 இரண்டாம் கியரில் உறுமியபடி மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிறதே, அப்போது பேரிங்குக்கு ஆதரவாக நிற்பது இந்த வித்தியாசம்தான்.

அப்படியென்றால் இன்னும் கெட்டி இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் தகராறு.

கெட்டி ஆயில் ஊற்றினால் பிரஷர் ஏறும், சத்தம் அடங்கும், புகையும் கொஞ்சம் குறையும். வண்டிக்காரருக்குச் சந்தோஷம், மெக்கானிக்குக்கு நல்ல பெயர். ஆனால் பிரஷர் வேறு, ஓட்டம் வேறு. ஆயில் பம்ப்பில் ரிலீஃப் வால்வு ஒன்று உண்டு. பிரஷர் அளவுக்கு மீறினால் அது திறந்து, மேலே போக வேண்டிய ஆயிலில் ஒரு பகுதியை சம்ப்புக்கே திருப்பிவிடும். பேரிங் கேட்பதோ ஓட்டம். ஆயில் ஓடினால்தான் சூடும் வெளியேறும். ஃபில்டருக்குள்ளும் பைபாஸ் வால்வு இருக்கிறது. காலையில் கெட்டியாக உறைந்த ஆயில் ஃபில்டர் காகிதத்தின் வழியே போக முடியாமல் முட்டினால் அது திறந்துகொள்ளும். அந்த நேரத்தில் வடிகட்டாத ஆயில் அழுக்கோடு நேராக பேரிங்குக்குப் போகும். புது ஃபில்டர் மாட்டியிருக்கிறேன் என்று நீங்கள் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இதைவிட மோசம், கெட்டி ஆயில் நோயை மறைத்துவிடுவது. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவரின் மாருதி 800, கார்புரேட்டர் மாடல். என்ஜினில் அடிச்சத்தம் என்று ஒரு பட்டறைக்குப் போயிருக்கிறார். 20டபிள்யூ-50 ஊற்றி அனுப்பினார்கள். சத்தம் திரும்ப வந்தது. அடுத்த பட்டறையில் அதே ஆயிலோடு, கெட்டியாக்கும் பாட்டில் மருந்து ஒன்றையும் சேர்த்தார்கள். எங்களிடம் கிராங்க் வந்தபோது பிக் எண்ட் மெட்டல் கோடு கோடாக உரிந்திருந்தது. ஜர்னலும் அதற்கு ஈடாக வரி விழுந்திருந்தது. பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: “அந்தக் கெட்டி ஆயில் மாதிரி வராதுங்க. அஞ்சாறு மாசமா ஒரு சொட்டு டாப் அப் பண்ணலை. ஆயிலு கொறையவே இல்லைங்க. சொல்லப்போனா கொஞ்சம் ஏறுன மாதிரிகூட இருந்துச்சு.”

ஏறியது ஆயில் அல்ல, பெட்ரோல். அந்த மாடலில் பெட்ரோல் பம்ப் மெக்கானிக்கல். கேம் தள்ளத் தள்ள உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் மேலும் கீழும் போய் பெட்ரோலை இழுக்கும். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் என்ஜினுக்குள் கசிந்து சம்ப்பில் சேரும். எவ்வளவு கெட்டியான ஆயிலாக இருந்தாலும் பெட்ரோல் கலந்தால் நீர்த்துப்போகும். கெட்டி ஆயிலும் பாட்டில் மருந்தும் சேர்ந்து அந்தக் குறையைக் கொஞ்ச காலம் ஈடுகட்டி, சத்தத்தை அமுக்கி வைத்திருக்கின்றன. டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே கொண்டுபோயிருந்தால் போதும், பெட்ரோல் வாடை காட்டிக்கொடுத்திருக்கும். ஒரு பம்ப்போடு முடிய வேண்டிய செலவு கிராங்க் கிரைண்டிங் வரை வந்துவிட்டது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் எங்கும் கிடைக்கிறது. அதை எதிர்பார்த்துச் செய்யப்படாத பழைய ரப்பர் பாகங்கள் உள்ள வண்டிக்காரர்கள் டிப்ஸ்டிக்கை அடிக்கடி முகர்வது நல்லது.

டிப்ஸ்டிக்கை மதிக்காத ஊர் நம்முடையது. சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சில நிமிஷம் விட்டு, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். மட்டம் குறைந்தால் எரிகிறது அல்லது ஒழுகுகிறது. ஏறினால் மேலே சொன்ன கதை. பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். ராத்திரி நிறுத்திவைத்த வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனவுடன் மட்டும் நீலப்புகை விட்டால் பெரும்பாலும் வால்வு சீல். மேட்டில் மிதிக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. டேப்பெட் சத்தம் என்றால் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். இவற்றில் எதையும் ஆயிலை மாற்றிக் குணப்படுத்த முடியாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. நிறைய ஓடிய என்ஜின், சூடான பிறகு ஐடிலிங்கில் ஆயில் விளக்கு மினுக்குகிறது, கையில் இப்போது என்ஜின் வேலை செய்யப் பணம் இல்லை. அப்போது 20டபிள்யூ-40 இடத்தில் 20டபிள்யூ-50 ஊற்றலாம், நானே சொல்வேன். வட்டி மட்டும் கட்டி நகையைத் திருப்பாமல் வைத்திருப்பது மாதிரி அது. அசல் அப்படியே நிற்கும். அந்தச் சிவப்பு விளக்கு எரிவதே பிரஷர் அநேகமாக இல்லாமல் போன பிறகுதான் என்பதை மறக்கக் கூடாது.

சிந்தெடிக் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதன் மேல் கோபம் இல்லை. கிரேடு சரியாக இருந்தால் பழைய என்ஜினுக்கும் அது கெடுதல் செய்யாது. சிந்தெடிக் ஊற்றினால் சீல் எல்லாம் ஒழுகும் என்பது அதன் ஆரம்ப காலத்துப் பேச்சு. இன்றைக்கு ஒழுகுகிறது என்றால், சீல் ஏற்கெனவே செத்துப்போய், பல வருஷத்து ஆயில் கசடு அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். புது ஆயில் கசடைக் கழுவிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் ‘சிந்தெடிக்’ என்று டப்பாவில் போட்டிருப்பதெல்லாம் ஆய்வகத்தில் மூலக்கூறு மூலக்கூறாகக் கோத்துச் செய்தது என்று நினைக்காதீர்கள். 1999-ல் அமெரிக்காவில் மொபில் கம்பெனிக்கும் காஸ்ட்ரால் கம்பெனிக்கும் விளம்பரத் தகராறு வந்தது. கச்சா எண்ணெயிலிருந்து எடுத்து, ஹைட்ரஜன் கொண்டு தீவிரமாகச் சுத்திகரித்த ஆயிலையும் சிந்தெடிக் என்று விளம்பரம் செய்யலாம் என்று அங்கிருந்த விளம்பரத் தீர்வு அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் முடிவு சொன்னது. அதிலிருந்து அந்தப் பெயர் தாராளமாகிவிட்டது. நல்ல ஆயில்தான், மறுக்கவில்லை. மாதம் நூறு கிலோமீட்டர் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வரும் 800-க்கு அது தண்டச் செலவு என்கிறேன்.

ஏனென்றால் அந்த மாதிரி வண்டியில் ஆயில் கெடுவது ஓடுவதால் அல்ல, ஓடாமல் இருப்பதால். பக்கத்துத் தெருவுக்குப் போய் வந்தால் என்ஜின் முழுச் சூடு ஏறாது. உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கும், அமிலம் உண்டாகும், அதை முறிக்கும் மருந்து ஆயிலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும். கையேட்டில் கிலோமீட்டர் கணக்கு ஒன்றும் மாதக் கணக்கு ஒன்றும் போட்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். நம்மவர்கள் கிலோமீட்டரை மட்டும் படிக்கிறார்கள். என் கணக்கு எளிது: ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆயிலும் ஃபில்டரும் மாற வேண்டும். அப்படி மாற்றுபவருக்கு, சரியான கிரேடில் நல்ல கம்பெனி மினரல் ஆயில் தாராளமாகப் போதும். மாருதி 800-க்கு 20டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40. இதில் 20டபிள்யூ-40-க்கு இன்னொரு சௌகரியம்: இரண்டு எண்களுக்கும் இடைவெளி குறைவு என்பதால் அதில் கலக்க வேண்டிய பாலிமரும் குறைவு. ஓட ஓட அந்தப் பாலிமர்தான் முதலில் அறுபட்டு ஆயிலை நீர்க்கச் செய்யும்.

கிரேடுக்குப் பக்கத்தில் ஏபிஐ என்று போட்டு இரண்டு எழுத்துகள் இருக்கும், அதையும் பாருங்கள். ‘எஸ்’ என்று தொடங்கினால் பெட்ரோல் என்ஜின் தரம். அடுத்த எழுத்து ஆங்கில அகரவரிசையில் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு புதியது. எஸ்என் 2010-ல் வந்தது, எஸ்பி 2020-ல். எஸ்எஃப் என்பது 1980-களின் தரம். அந்த டப்பாவையும் இன்னும் சில கடைகளில் பார்க்கிறேன், விலை மலிவு என்று வாங்குபவர்களையும் பார்க்கிறேன். 40 கிரேடில் எஸ்எல்லோ அதற்கு மேலோ வாங்கினால் பழைய மாருதிக்கு ஒரு குறையும் வராது. பைக்குக்கு வாங்கிய 4டி ஆயில் மிச்சமிருக்கிறது என்று காரில் ஊற்றுபவர்களும் உண்டு. டாப் அப்புக்குக் கொஞ்சம் ஊற்றினால் குடி முழுகிவிடாது. கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றினால்தான் கிளட்ச் வழுக்கும்.

இதையெல்லாம் வண்டிக்காரர் தெரிந்துகொண்டாலும் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வார். தன் வண்டிக்குள் என்ன ஊற்றப்பட்டது என்பதே அவருக்குத் தெரியாது. பேராசிரியர் தன் கைப்பட டப்பா வாங்கிக் கொடுத்தவர் என்பதால் கிரேடு தெரிந்தது. மற்றவர்களிடம் கேட்டால் பில்லை நீட்டுகிறார்கள். அதில் ‘என்ஜின் ஆயில் - 3 லி.’ என்று மட்டும் இருக்கும். சிலதில் அதுவும் இல்லை, ‘ஆயில் சர்வீஸ்’ என்ற ஒற்றை வரி. பெரிய சர்வீஸ் சென்டர்களில் பேரலிலிருந்து குழாய் வழியாக நேராக ஊற்றுகிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காப்பி குடித்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர் டப்பாவையே பார்ப்பதில்லை. இன்று ஷோரூமில் நிற்கும் புதிய கார்களில் பலவற்றுக்கு 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று மெல்லிய ஆயில்தான். அதே பேரலிலிருந்து இருபது வருஷத்து வண்டிக்கும் போகிறதா என்று பில்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. சின்னப் பட்டறைகளில் கேட்டால், “வழக்கமா ஊத்துறதுதானுங்க.” எது வழக்கம்?

அளவிலும் இதே கதை. மாருதி 800-க்கு ஃபில்டரோடு சேர்த்து ஏறக்குறைய மூன்று லிட்டர்தான் பிடிக்கும். டப்பா மூன்றரை லிட்டராக இருந்தால் மிச்சத்தை வைத்து என்ன செய்வது என்று கவிழ்த்துவிடுகிறார்கள். மட்டம் மேல்கோட்டைத் தாண்டினால் சுற்றும் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரையை பம்ப் இழுக்கும். ‘3 லி.’ என்று எழுதிய பில் இதையும் சொல்லாது.

பதினைந்து வருஷம் தாண்டிய காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் ஐயாயிரம் ரூபாயாக உயர்த்தினார்கள். அதோடு பசுமை வரி, எஃப்.சி. அலைச்சல், பெயின்ட், டிங்கரிங். இவ்வளவும் செய்து பழைய காரை வைத்துக்கொள்பவர்கள் வசதி இல்லாதவர்கள் அல்லது வண்டியை விட மனசில்லாதவர்கள். இரண்டு வகைக்கும் என்ஜின் போய்விட்டால் மறு என்ஜின் கிடையாது. அவர்களுக்கு ஒரு வரித் தகவல் கொடுப்பதில் என்ன கஷ்டம்? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமை என்கிறது. பில் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. தேங்காய் எண்ணெய் வாங்கினால் கம்பெனி பெயரும் மில்லி கணக்கும் பில்லில் வருகிறது. பல மடங்கு விலையுள்ள என்ஜின் ஆயிலுக்கு வரக் கூடாதா?

மெக்கானிக் நண்பர்கள் என் மேல் கோபப்படுவார்கள் என்று தெரியும். எங்கள் பட்டறைக்கு வேலை கொண்டுவருபவர்களே அவர்கள்தான். ஆனால் இது அவர்களுக்கும் பாதுகாப்பு. என்ஜின் சீஸ் ஆகிவிட்டது என்று வாடிக்கையாளர் வந்து சட்டையைப் பிடிக்கும்போது, இன்ன கம்பெனி, இன்ன கிரேடு, இத்தனை லிட்டர், இத்தனையாவது கிலோமீட்டரில் ஊற்றினேன் என்று எழுத்தில் காட்ட முடியும். அடுத்த தடவை வேறு பட்டறையில் டாப் அப் செய்பவருக்கும் அது உதவும்.

வண்டிக்காரர்களுக்கு: காலி டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். காலி டப்பாவுக்கு வெளியே நல்ல கிராக்கி உண்டு. அதில் மட்ட ஆயிலை நிரப்பி மூடி போட்டு மறுபடி விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவுடன் ஸ்க்ரூடிரைவரால் அடியில் ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள். வடித்த பழைய ஆயில் எங்கே போகிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அது சட்டப்படி அபாயகரமான கழிவு, சாக்கடையில் ஊற்றும் சாமான் இல்லை. சென்ட்ரிங் பலகைக்கும் கரையானுக்கும் பூசுவது நம் ஊர் வழக்கம்தான், அதையும் விட வேண்டும். அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

பட்டறை வைத்திருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை பில் புத்தகம் அச்சுக்குக் கொடுக்கும்போது ‘ஆயில் கம்பெனி, கிரேடு, ஏபிஐ, லிட்டர், கிலோமீட்டர்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் பில் போடும் சர்வீஸ் சென்டர்கள் நாளைக்கே செய்யலாம். பிரஸ்காரர் ஒரு வரிக்காகக் கூடுதல் காசு கேட்க மாட்டார்.